தொப்பி கையில் இருந்த நேரம்

அத்தியாயம் 14

சண்டை போட்டுக்கொண்டே இஸ்திரி போடுவது எப்படி என்று அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரமாகப் புருஷனோடு பேச்சில்லை. ஆனாலும் விடிந்ததும் எழுந்து, சமையலறை மேசையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அவனுடைய வெள்ளை யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நீராவி பிரஸ்ஸின் மூடியை இழுத்து அழுத்துகிற கை. கோபம் வேறு, மடிப்பு வேறு. காலரில் ஒரு சுருக்கம் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது, அதைப் போடுகிறவன் மேல் எத்தனை எரிச்சல் இருந்தாலும்.

எரிச்சலுக்குக் காரணம் தெருவுக்கே தெரியும். கடற்படைக் கப்பலில் இன்ஜின் ரூம் மாலுமி அவன். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. "முடிஞ்சதும் வந்துடறேன். கரையில ஏதாவது ஒர்க்‌ஷாப்ல சேந்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தவன், போன வாரம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிடுகிற மாதிரி சாதாரணமாக, "இன்னும் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்" என்றான்.

ஏன் என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாக்கு அவளுடைய தம்பியை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்குக் கொடுத்தது. தம்பியும் அதே கப்பல்தான், அதே இன்ஜின் ரூம்தான். நோஞ்சான் உடம்பு, கீச்சுக் குரல், எல்லோருக்கும் அவன் குருவி. "தெருவுல சுத்திட்டுக் கெடக்கான், உங்ககூடவே வெச்சுக்குங்களேன்" என்று புருஷனிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டவள் இவளேதான். நீராவிக் குழாய் வெடித்துக் குருவி போய்விட்டான்.

"அந்த நொடியே உயிர் போயிருக்கும், வலி தெரிஞ்சிருக்காது" என்று கடற்படையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அடக்கத்துக்கு வந்த கப்பல் சமையல்காரர், குடித்துவிட்டு அழுகிறபோது, "அந்தக் கதவைச் சாத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அரைப் பேச்சு குருவியின் அம்மா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடுகூட அந்தக் கதவு இல்லாமல் இறங்குவதில்லை.

மகன் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவள் அம்மா. காய்கறிச் சந்தையில் மூட்டை பிரித்துக் காய்த்துப்போன கைகள். அழுவது கிடையாது. சாபம் மட்டும்தான்.

"எம்புள்ளையை உள்ள வெச்சுக் கதவைச் சாத்துனவன் கை வெளங்காமப் போக" என்பாள், தட்டில் சோற்றைத் தள்ளியபடி. உப்பு போதுமா என்று கேட்பதுபோல, அவ்வளவு இயல்பாக. "அந்தக் கையால அவன் ஒரு வாய் நிம்மதியாத் திங்கக் கூடாது. மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடட்டா?"

மாப்பிள்ளை தலையாட்டுவான். தின்பான்.

அன்றும் அம்மாதான் முதலில் குரல் கொடுத்தாள். "பின்கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை. கொசு மொத்தமும் உள்ள வந்துடும்."

இந்தக் கொஞ்ச காலமாக அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கதவையும் சாத்துவதில்லை. பின்கதவு, பீரோக் கதவு, குளியலறைக் கதவு எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். இவளும் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள். அம்மாவே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

அவன் யூனிஃபார்மை வாங்கிக்கொண்டான். வாங்கியவன் நகரவில்லை.

"இன்னிக்குக் கையெழுத்துப் போடற விழாவுக்கு நீ கப்பலுக்கு வர வேணாம்" என்றான்.

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அதுவும் இப்படி.

"கேக் வெட்டுவாங்க, கை தட்டுவாங்க. அவ்ளோதான். நீ வேலைக்குப் போ. தொப்பி வைக்க அப்பா வந்தாப் போதும்."

"நானும் வரேன்னு சொல்லலையே" என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

"போடி" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"கட்டாயம் போ. கப்பல்காரன் மொத்தப் பேரும் இன்னிக்கு ஒரே எடத்துல நிப்பான். கதவைச் சாத்தினது எவன்னு கேட்டுட்டு வா. பேரு மட்டும் போதும் எனக்கு. இவரைக் கேட்டா கூட்டத்துல யாருன்னு தெரியல தெரியலங்கறாரு. இவரு பாவம், யாரையும் காட்டிக் குடுக்க மாட்டாரு."

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே போனான். வாசல் கதவு திறந்து கிடந்தது.

*

பஸ்ஸில் அவளும் மாமனாரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் இடுப்பில் எப்போதும் ஒரு இரும்புக் கொக்கி செருகியிருப்பாராம், அதனால் பெயரே கொக்கி. இப்போது முதுகும் அந்தக் கொக்கி மாதிரியே வளைந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரிப்பதும் அவரேதான்.

"என்னை நிமித்தி வெச்சு இஸ்திரி போட முடியுமாம்மா உன் மெஷின்ல?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவள் ஏதாவது பதில் சொல்லுவாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் மாமா அவரு திரும்பவும் போறாரு? நீங்களாவது கேட்டீங்களா?"

"கேட்டா சொல்றவனா அவன்?"

"உங்ககிட்ட சொல்லுவாரு."

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரக்குக் கிடங்குகள், கிரேன்கள், துருப்பிடித்த தண்டவாளம். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்துச் சலித்த இடம். அதை இப்போதுதான் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

துறைமுக வாசலில் பைகளைத் திறந்து காட்டி, கம்பி வேலியோரம் நடந்து, கப்பல் பக்கத்துக்கு வந்தார்கள். சாம்பல் நிறச் சுவர் மாதிரி நின்றது கப்பல். கரையிலிருந்து மேலே ஏறுகிற பலகை அலைக்கு ஏற்ப மூச்சு வாங்கியது.

அங்கே நின்று கொக்கி மெல்ல ஆரம்பித்தார். "நீ கீழேயே நில்லேன்மா. நான் போய் டக்குனு தொப்பியை வெச்சுட்டு வந்துடறேன். பலகை ஆடுது. உனக்குத் தலை சுத்தும்."

"எனக்கா? முதுகு வளைஞ்சு கெடக்கறது நீங்க. தலை சுத்தறது எனக்கா?"

"இல்லம்மா, சொன்னேன்."

"என்ன மாமா, அப்பனும் புள்ளையும் காலையிலேருந்து என்னைத் தடுக்கறதுலயே குறியா இருக்கீங்க? இன்னிக்கு நான் கேட்டுட்டுதான் போவேன். கேக்காமப் போனா எங்கம்மா வீட்டுக்குள்ள விட மாட்டா."

கிழவர் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால், ஒவ்வோர் அடியாக ஏறினார்.

*

மேல்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பிக் கைப்பிடியில் கொடிகள் கட்டித் தொங்கின. மேசையில் வெள்ளை விரிப்பு. சுருக்கம் பார்த்தாள், இருந்தது. அதன் மேல் நங்கூரம் வரைந்த கேக்.

கேக் பக்கத்தில் சமையல்காரர். கப்பலில் அவருக்குப் பெயர் அண்டா. உருவமும் அப்படித்தான், குரலும் அப்படித்தான். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாம்மா. நீ வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல. பெரிய மனசும்மா உனக்கு."

எதற்குப் பெரிய மனசு என்று அவளுக்குப் புரியவில்லை. புருஷன் போவதற்குச் சம்மதித்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

"தொப்பி வைக்கறது எப்படின்னு தெரியுமா?" என்று அவரே பேச்சைப் பிடித்துக்கொண்டார். "கேப்டன் முதல்ல 'உன் சேவை முடிஞ்சது'ன்னு சொல்லுவாரு. சும்மா சொல்றதில்ல, நெசமாவே முடிஞ்சது. இவன் தொப்பியைக் கழட்டி வீட்டு ஆள் கையில குடுத்துடுவான். அப்போ அவன் மாலுமி இல்ல. தெருவுல போறவன் மாதிரி. கேப்டன் நாலு வார்த்தை நல்லதாப் பேசுவாரு. பேசி முடிச்சதும் வீட்டு ஆள் தொப்பியைத் திரும்பத் தலையில வைக்கணும். வெச்சாத்தான் உறுதிமொழி. வீட்டு ஆள் வைக்காம கேப்டனே வைக்க முடியாது. அதுதான் இந்தக் கப்பல் வழக்கம்."

"வைக்காட்டி?"

"ஒருத்தி வைக்கலையே! நான் சேந்த புதுசு. தொப்பியைத் தூக்கிக் கடல்ல வீசிட்டா மகராசி. அவனும் விட்டாப் போதும்டான்னு பலகையில இறங்கி ஓடினான் பாரு, நாங்க சிரிச்ச சிரிப்பு. இப்போ லாரி ஓட்டறான். நல்லாத்தான் இருக்கான்."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கதவைச் சாத்தினது யாரு?"

சமையல்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. வாய் மட்டும் திறந்திருந்தது.

"நீ போய் என்கிட்ட அதைக் கேக்கறியேம்மா."

"வேற யாரைக் கேக்கறது?"

அவர் அவள் முகத்தைத் தேடினார். கேலியா, கோபமா, என்ன இது என்பதுபோல. அதற்குள் விசில் ஊதினார்கள். எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள். அவரும் போனார், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே.

முதலில் ரேடியோ அறையில் வேலை பார்க்கும் ஒருவன். அவனுக்குத் தொப்பி வைக்க வந்த அக்கா குள்ளம், எட்டவில்லை. "குனிடா தடியா" என்றாள், தளம் முழுக்கச் சிரித்தது. கைதட்டல். அடுத்தவனுக்குப் பெண்டாட்டி வைத்தாள், கன்னத்தில் ஒரு தட்டும் தட்டினாள். அதற்கும் கைதட்டல்.

மூன்றாவதாக அவள் புருஷன் முன்னே வந்து நின்றான். மடிப்பு நின்றது. அவள் போட்ட மடிப்பு.

கொக்கி எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் கேப்டனே அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழைத்துவிட்டார். நரை தொடங்கிய மனிதர், கண்ணில் கனிவு இருந்தது. அவள் எழுந்து போனாள்.

"இந்த நிமிஷத்தோட உங்க சேவை முடிஞ்சது. கப்பலுக்கு நீங்க ஒண்ணும் பாக்கி வைக்கல" என்றார் கேப்டன்.

அவன் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். கொடுத்த கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கேப்டனைப் பார்த்து, "பேச்சு வேணாம் சார்" என்று மெல்லச் சொன்னான்.

கேப்டன் புன்னகைத்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"இவர் பேச்சு வேணாங்கறாரு. எப்பவும் இப்படித்தான். ஆனா புதுசா வந்த பசங்களுக்குத் தெரியணும். அன்னிக்குக் கீழ குழாய் வெடிச்சப்போ, ஒரு கதவு திறந்தே இருந்திருந்தா, நம்மள்ல பாதிப் பேர் இன்னிக்கு இங்க நிக்க மாட்டோம். அந்தக் கதவைச் சாத்தினவர் இவர்."

கொடிக்கயிறு மட்டும் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கறது யாருன்னு தெரிஞ்சே சாத்தினார்." கேப்டன் அவள் பக்கம் திரும்பினார். குரலில் நடிப்பில்லை. "அம்மா, உங்க தம்பி உயிரைக் குடுத்தாரு. உங்க வீட்டுக்காரர் அதைவிடப் பெரிசா ஒண்ணைக் குடுத்தாரு. எல்லாம் தெரிஞ்சிருந்தும், அவருக்குத் தொப்பி வைக்க நீங்களே வந்து நிக்கறீங்க பாருங்க. இந்த மனசு எங்க யாருக்கும் வராது."

மொத்தக் கப்பலும் எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். புருஷனுக்கு இல்லை, அவளுக்கு. சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

அவள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பிரஸ் மூடியின் ஓரத்தில் நீராவி பீறிட்டு மணிக்கட்டில் பட்டதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வெற்றிலை அகலம்தான் பட்டது. அதற்கே தோல் கையுறை மாதிரி கழன்று, ராத்திரியெல்லாம் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அலறினாள். தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து வாளியில் தண்ணீர் மாற்றினான். வெற்றிலை அகலத்துக்கு அந்த அலறல்.

பிறகு தட்டு நினைவுக்கு வந்தது. அம்மா சோறு போடுகிற தட்டு. தினம் தினம் கேட்டுக்கொண்டே தின்ற வாய். சாத்தாத கதவுகள். இவள் போட்ட கூச்சல்.

கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"வைக்காத" என்றான் அவன்.

உதடு அசையவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

"வைக்காத. வந்துடறேன். இனிமே ஓட வேண்டியதில்ல."

ஒரு வாரமாக அவள் எதற்காகப் பேசாமல் கிடந்தாளோ, அது இதோ கைக்கு வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி இரண்டடி தூரத்தில். தொப்பியை அந்தப் பக்கம் வீசினால் தண்ணீர். வீசினால் போதும், அவன் இறங்கி வந்துவிடுவான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவான். வீட்டுக்கு வருவான். நாளைக்கும் வருவான். அதற்கடுத்த நாளும் அந்த மேசையில் உட்காருவான், அவள் எதிரில், அந்தக் கைகளோடு.

அவன் குனிந்தான்.

அவள் தொப்பியை அவன் தலையில் வைத்தாள். வைத்து, இரண்டு கையாலும் புருவம்வரை அழுத்தி இறக்கினாள், பிரஸ் மூடியை அழுத்துகிற அதே அழுத்தம்.

மறுபடி கைதட்டல். அவன் உறுதிமொழியைச் சொன்னான். குரல் பிசிறவில்லை.

*

கேக் கொடுக்கிற சந்தடியில் அவள் கயிற்றுச் சுருள்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"கேப்டன் வீட்டுக்கு வந்து சொல்றேன்னாரு" என்றான். "நானே சொல்லிக்கறேன்னு சொன்னேன். அப்புறம் கேட்டாரு. சொல்லிட்டேன்னுட்டேன்."

"ஓ."

"சொல்லணும்னுதான் வருவேன். வந்தா உங்கம்மா சோறு போடுவாங்க."

அவள் அவன் கையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை ஏறிய நகம். சாதாரணக் கை. தம்பிக்கு முடி வெட்டிவிட்ட கை.

"வெடிச்ச உடனே செத்துட்டான்னு சொன்னாங்க. அது நெசமா?"

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கத்தினானா?"

"கத்தினா கேக்காது. கதவு அவ்ளோ கனம்."

"அப்போ?"

"கதவைப் பூட்ட ஒரு கைச்சக்கரம் இருக்கும். ரெண்டு பக்கமும் இருக்கும். இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கமும் திரும்பும்." அவன் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தான். "நான் இறுக்கிப் பிடிச்சிட்டிருந்தேன். அது என் கையில திரும்பப் பாத்துது. அந்தப் பக்கத்துலேருந்து."

அவள் கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விடல. விட்டா நீராவி மேல வந்துடும், மேல பூரா ஆளுங்க. விடல. அப்புறம் அது திரும்பல."

மேல்தளத்தில் யாரோ பாட்டுப் போட்டார்கள். யாரோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

"உங்களைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல" என்றாள் அவள் கடைசியில். "நான்தானே சேத்துவிடச் சொன்னேன்."

"அப்புறம் ஏன் வெச்சே? வேணாம்னு சொன்னேனே."

"தெரியல."

"ஒரு வாரமா அதுக்குத்தானே..."

"தெரியலங்க. தப்பில்லன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா தினமும் அந்தக் கையைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாதுன்னு தோணுச்சு. கை தானா வெச்சிடுச்சு."

அவன் தலையாட்டினான். இன்ஜின் ரூமில் உத்தரவு வாங்கிக்கொள்கிறவனின் தலையாட்டல். காலையில் கப்பலுக்குத் திரும்பினால் போதும், அன்றைக்கு ராத்திரி வீட்டில் தங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். மரியாதைக்காம்.

*

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கொக்கி. மடியில் சமையல்காரர் கட்டிக் கொடுத்த கேக் பொட்டலம்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல மாமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அடக்கத்துக்கு முந்தின நாள்லேருந்து."

"எப்படி மாமா சிரிச்சுப் பேசினீங்க எங்ககூட?"

கிழவர் பொட்டலத்தின் நூலை நெருடினார். "சிரிக்காம இருந்தா நீ ஏன்னு கேப்பியேம்மா" என்றார்.

தெருமுனையில் இறங்கும்போது அவன் சொன்னான், "இன்னிக்குச் சொல்லிடறேன் அத்தைகிட்ட."

"வேணாம்" என்றாள் அவள். "எங்கம்மாவுக்கு அந்தச் சாபம்தான் இப்போ உசிரு. அது உங்க மேலதான்னு தெரிஞ்சா அதையும் எங்க கொண்டு போய் வெப்பா? காலையில கப்பலுக்குப் போயிடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அம்மா மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளைக்காக அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சமைத்திருந்தாள். கேக்கைப் பிரித்துப் பார்த்தாள். "நங்கூரம் உடைஞ்சு போச்சே" என்றாள். எல்லோரும் உட்கார்ந்ததும் மகளிடம் திரும்பினாள்.

"கேட்டியாடி?"

"கூட்டமா இருந்துதும்மா. கேக்க நேரமே கெடைக்கல."

"அதானே. நீ கேட்டுக் கிழிச்சே." அம்மா கரண்டியை எடுத்தாள். மாப்பிள்ளை தட்டில் முதலில் போட்டாள், எப்போதும்போல. "நல்லாச் சாப்பிடுங்க. இனிமே எந்தக் காலம் வீட்டுச் சாப்பாடு? உங்களுக்குத் தெரியாதா என்ன, எம்புள்ளையை உள்ள வெச்சுச் சாத்துனவன் உங்ககூடத்தான் அங்க தின்னுட்டு இருப்பான். அவன் கை..."

"அம்மா. அந்தப் பேச்சை விடு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாளில் இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. கொக்கி தண்ணீர் டம்ளரைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

அம்மாவின் கரண்டி தட்டுக்கு மேலே நின்றது. மகளைப் பார்த்தாள். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க முடிந்தால் அப்போதே வாங்கியிருப்பாள் மகள். முடியவில்லை. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் கண் எதிர்ப் பக்கம் போய்விட்டது, தட்டோரத்தில் இருந்த அவன் கைகளுக்கு.

அவன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

சந்தையில் காலமெல்லாம் எடைக்காரன் கண்ணைப் பார்த்தே வியாபாரம் பண்ணினவள் அம்மா. மகளின் கண் போன வழியிலேயே அவள் கண்ணும் போனது. காலியாகிவிட்ட தட்டோரத்தில் நின்றது. அங்கிருந்து மேலே, மாப்பிள்ளையின் முகத்துக்கு வந்தது.

கரண்டியை மெதுவாகப் பாத்திரத்தில் வைத்தாள்.

"ஏன்?" என்றாள், மாப்பிள்ளையைப் பார்த்து.